கடைசிப் பக்கம்

துப்பறியும் நாவல் படிக்கிறவர்களுக்கு என்று ஒரு தர்மம் உண்டு. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டக் கூடாது. படித்து முடித்தவர், படிக்காதவரிடம் கொலைகாரன் இன்னான் என்று போட்டு உடைக்கக் கூடாது. வீட்டில் ஆயிரம் சண்டை இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் கணவனும் மனைவியும் நம்பிக்கைத் துரோகம் செய்வதில்லை.

என் அப்பத்தா இந்தத் தர்மத்தைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் மாதத்துக்கு ஏழெட்டு நாவல்களைத் தீர்த்துவிடுவாள். படிக்கிற வேலை என்னுடையது. கேட்கிற வேலை அவளுடையது. வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாளானால் முதல் உத்தரவு இதுதான்:

"கடைசியை மொதல்ல படிய்யா. பிடிச்சுட்டாங்களான்னு பாத்துக்கிருவோம்."

பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே முதல் அத்தியாயம் தொடங்கும். அதற்குப் பிறகு அவளுக்கு அவசரமே கிடையாது. கொலை எப்படி நடந்தது, யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள், துப்பறிகிறவர் எந்த ஊருக்குப் போனார், அங்கே என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் நிதானமாக அனுபவிப்பாள். மர்ம நாவலில் மர்மத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று படித்தவர்கள் கேட்பார்கள். அப்பத்தாவுக்கு ரொம்ப மிஞ்சியது.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பூமி. என் அத்தை மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். கீழ மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்குப் புஸ்தகம் கொடுக்கும் கடை இருந்தது. ஒரு நாளைக்கு எட்டணா. அத்தைக்கு ரமணிசந்திரன், அப்பத்தாவுக்கு ராஜேஷ்குமார். பஸ்ஸில் வரும்போது அத்தை தன்னுடையதை முடித்துவிடுவாள். அப்பத்தாவுடையது இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கைக்கு வரும். 1990ம் வருஷத்தை ஒட்டிய காலம்.

பிற்பாடு நானும் கதை எழுதுகிறவனாகி, நாலு பேர் மதிக்கிற நிலைக்கு வந்ததும், இந்த மாதிரிப் புஸ்தகங்களை ஏளனம் செய்ய வேண்டியது ஒரு கடமை என்று நினைத்தேன். செய்தும் இருக்கிறேன். மேடையில் கைதட்டலும் வாங்கினேன். அந்தக் கைதட்டல் இப்போது உறுத்துகிறது. உறுத்தல் தீர இந்தச் சமாசாரத்தின் பூர்வோத்திரத்தைத் தேடிப் போனேன். போன இடத்தில் கண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மதுரையில் இதற்கு ஆரம்பம் புது மண்டபம். திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் மீனாட்சியம்மனின் வசந்த உற்சவத்துக்காகக் கட்டிய மண்டபம் அது. காலப்போக்கில் தூணுக்குத் தூண் கடைகள் வந்துவிட்டன. தையற்காரர்கள், பாத்திரக்காரர்கள், வளையற்காரர்கள் நடுவே புஸ்தகக் கடைகளும் இருந்தன. சில வருஷங்களுக்கு முன்பு கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். 'புது மண்டபம், மதுரை' என்ற முகவரியோடு அச்சான பாட்டுப் புஸ்தகங்கள் ஒரு காலத்தில் தென்பாண்டி நாடு முழுவதும் போயின. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை, நல்லதங்காள் கதை எல்லாம் ஊர் ஊராகச் சந்தைகளில் விலையாயின. ஊரில் எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பார். சுற்றி இருபது பேர் கேட்பார்கள். வேதாளம் மறுபடியும் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறும். விக்கிரமாதித்தன் மறுபடியும் மறுபடியும் போய் இறக்குவான். இன்றைக்குத் தொடர் நாவல் என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டன் உண்டா?

இவற்றோடு கொலைச் சிந்து என்று ஒரு சாதி இருந்தது. எங்கேயாவது ஒரு கொலை நடந்தால் போதும். சில நாட்களில் அது சிந்தாகக் கட்டப்பட்டு, மட்டமான காகிதத்தில் அச்சாகி, காலணா அரையணாவுக்குச் சந்தையிலும் ரயிலிலும் வந்துவிடும். விற்கிறவரே பாடிக்கொண்டு விற்பார். கொலை செய்தவனுக்குத் தண்டனை கிடைத்ததைச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குப் புத்திமதியும் சொல்லி முடிப்பார். அதாவது, 'பிடித்துவிட்டார்கள்' என்ற செய்தி அதில் நிச்சயம் இருக்கும்.

அச்சு நாவல் தமிழுக்கு வந்தது 1879ல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தோடு. தவணை தவணையாகப் பத்திரிகையில் நாவல் படிக்கிற ருசியை உண்டாக்கியவர்களில் முன்னால் நிற்கிறவர் எங்கள் பக்கத்துக்காரர். வத்தலக்குண்டு பி. ஆர். ராஜமையர், 1893ம் வருஷம் விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. இருபத்தாறு வயதில் காலமாகிவிட்டார். அந்த நாவலை இலக்கியம் என்று நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓர் இளம் ஜோடியின் காதல். ஒரு குழந்தை காணாமற்போவது. பேயாண்டித் தேவன் என்ற கள்ளன். ஒரு குடும்பத்தையே கலைத்துவிடும் அபவாதம். ராஜமையர் வைத்த முழுப் பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பதுதான். இந்தத் தலைப்பை மட்டும் தனியாகக் காட்டினால், பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற மாத நாவல் என்றே யாரும் சொல்வார்கள்.

துப்பறிகிறவர் வருவதற்கும் அதிக நாள் ஆகவில்லை. 1894ல் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் கதைகள் வெளியிட்டார். அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்புதான் சீமையில் கானன் டாயில், எழுதி அலுத்துப்போய், ஷெர்லக் ஹோம்ஸை ஒரு நீர்வீழ்ச்சியில் தள்ளிக் கொன்றிருந்தார். வாசகர்கள் விடவில்லை. ஹோம்ஸ் 1903ல் உயிரோடு திரும்பி வந்தார். கதையை எழுதுகிறவனுக்கு அலுத்துப்போகலாம், கேட்கிறவனுக்கு அலுப்பதில்லை.

அடுத்த முப்பது வருஷம் ஒரு வெள்ளம். லண்டனில் வாரம் ஒரு பென்னிக்குத் தவணைக் கதை எழுதிப் பேர் வாங்கிய ரெயினால்ட்ஸ் என்பவர் தமிழ்நாட்டுக்குக் குடியேறியே விட்டார் என்று சொல்லலாம். ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய கதைகளுக்கு வேஷ்டி கட்டிவிட்டு எழுபதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவருடைய துப்பறிகிறவர் பெயர் ஆனந்தஸிங். ஜே. ஆர். ரங்கராஜுவின் கதைகளில் கோவிந்தன் துப்பறிவார். ராஜாம்பாள் என்ற அவருடைய நாவல் 1935லும் 1951லும் இரண்டு தடவை சினிமாவாக வந்தது. இதில் ஒரு வேடிக்கை. தனித்தமிழுக்கே உயிர் வாழ்ந்த மறைமலையடிகள் 1911ல் வெளியிட்ட குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி என்ற நாவலும் ரெயினால்ட்ஸைத் தழுவியதுதான். ஆகவே, இந்தக் கதைகளைப் படித்தவர்கள் வேலையற்றவர்கள் என்று யாராவது சொன்னால் நாம் சற்று யோசிக்க வேண்டும்.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் இன்னொரு பிரமாதமான பேர்வழி. அவருடைய மேனகா நாவலை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்தார்கள். 1935ல் படமாகவும் வந்தது. என். எஸ். கிருஷ்ணனை முதன்முதலாகத் திரையில் காட்டிய படம் அது. அந்தச் சகோதரர்கள் நடிப்புப் படித்தது எங்கே? சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நாவல் நாடகக் கொட்டகை வழியாகவே போய்ச் சேர்ந்தது. படிப்பும் கேட்பும் பார்ப்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளர்ந்தன.

இந்த வடுவூராரைப் பற்றி நான் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. திருவல்லிக்கேணியில் வை. மு. கோதைநாயகி என்று ஓர் இளம்பெண். ஐந்து வயதிலேயே கல்யாணமானவர். கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதினார். அவருக்கு வழிகாட்டிய பெரியவர் துரைசாமி ஐயங்கார். 1925ல் ஜகன்மோகினி என்ற பத்திரிகை கோதைநாயகியின் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் 115 நாவல்கள் எழுதினார். நடுவில் சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். பள்ளிக்கூடம் அனுப்பப்படாத பெண்களின் கைக்குத் தமிழ் அச்சு போய்ச் சேர்ந்ததில் பெரும்பங்கு இவருக்கு உண்டு. கதை மேலே என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் அநேகம். அந்தப் பெண்களுக்கு வேறு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

1940களில் ஆனந்த விகடனில் தேவனின் துப்பறியும் சாம்பு தோன்றினார். அவர் ஒரு பாங்கி குமாஸ்தா. அசட்டுத்தனம் செய்வார், தற்செயலாகத் திருடன் அகப்படுவான். துப்பறிகிறவரைக் கேலி செய்து ஒரு தொடர் எழுத முடிந்தது என்றால், அந்தச் சாமர்த்தியங்கள் எல்லாம் அதற்குள் வாசகர்களுக்கு மனப்பாடமாகிவிட்டன என்று அர்த்தம். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், கல்கண்டு பத்திரிகையில். ஆபத்து நெருங்க நெருங்க அவருக்குத் தேநீர் வேண்டும். 1968ல் குமுதத்தில் நைலான் கயிறு வந்தபோது சுஜாதாவின் கணேஷ் வந்தார். வசந்த் பின்னால் சேர்ந்துகொண்டார். 1980களில் மாத நாவல்கள். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் பெட்டிக் கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் தொங்கினார்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500க்கு மேல்.

இவ்வளவு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கொலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, கொலைகாரன் மாறுகிறான். துப்பறிகிறவர் மட்டும் மாறாமல் திரும்பி வருகிறார். அப்பத்தா காத்திருந்தது அந்த ஆளுக்காகத்தான். "இந்தத் தடவை யாரு, விவேக்கா?" என்று கேட்பாள், வெளியூரிலிருந்து பேரன் வந்திருக்கிறானா என்று கேட்பது போல.

அவள் வேறொருவரையும் இப்படிக் கேட்டதுண்டு. எங்கள் பக்கத்து ஊர் எல்லைகளில் ஐயனார் மண்குதிரைகளோடு இருப்பார். கூடவே கருப்பசாமி அரிவாளோடு. ராத்திரி ஊர் அடங்கிய பிறகு குதிரை ஏறிச் சுற்றி வருவார்கள், தப்புச் செய்தவனைத் தப்ப விடமாட்டார்கள் என்பது ஊர் நம்பிக்கை. "ஐயனார் வந்துட்டுப் போயிட்டாரா?" என்று நடுநிசியில் நாய் குரைத்தால் அப்பத்தா முணுமுணுப்பாள். இந்த இரண்டு பேரும் ஒரே உத்தியோகம் பார்க்கிறவர்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. மதுரையிலேயே வாழ்ந்து, 2024ம் வருஷம் மதுரையிலேயே காலமான இந்திரா சௌந்தர்ராஜன் அதைக் கண்டுகொண்டவர். அவருடைய விடாது கருப்பு, 1990களில் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது ஊரே அடங்கிக் கிடந்தது. கருப்பசாமியே தண்டிக்கிறாரா, ஆள் யாராவதா என்பதுதான் அதில் மர்மம். அப்பத்தா இருந்திருந்தால், "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்று சொல்லியிருப்பாள்.

அப்பத்தாவுக்கு இந்த உறுதி ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்வாய் ஓரம் அவளுக்கு எண்பது சென்ட் நிலம் இருந்தது. தாத்தா போன மறு வருஷம், அதை அவளே விற்றுவிட்டதாகப் பங்காளி ஒருவர் பத்திரம் காட்டினார். பத்திரத்தில் ஒரு கைநாட்டு. "நான் வைக்கவே இல்லை" என்றாள். வழக்குப் போட்டார்கள். பத்தொன்பது வருஷம் வாய்தா. ரேகையை நிபுணரிடம் அனுப்பி ஒத்துப்பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வக்கீலும் சொன்னார், ஒருவரும் செய்யவில்லை. நாவலில் துப்பறிகிறவர் கண்ணாடி டம்ளரிலிருந்து கைரேகை எடுக்கிற இடம் வந்தால் அப்பத்தா மெல்லுவதை நிறுத்திவிடுவாள். "இன்னொரு வாட்டி படி" என்பாள். படித்ததும் தன் பெருவிரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள்.

கைரேகை வித்தையே நம் நாட்டில்தான் உத்தியோகத்துக்கு வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒரு காண்டிராக்டர் பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாதென்று, அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். 1897ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. பத்திரத்துக்காக வந்த ரேகை பிறகு குற்றவாளியைத் தேடப் போயிற்று. அங்கிருந்து கதைக்குள் வந்தது. ஹோம்ஸ் திரும்பி வந்த 1903ம் வருஷத்துக் கதைகளில் ஒன்றில், ஒருவன் இன்னொருவனுடைய பெருவிரல் ரேகையை மெழுகிலிருந்து எடுத்துச் சுவரில் போலியாகப் பதிக்கிறான். ஹோம்ஸ் அந்தக் கதையின் முடிவுக்குள் கண்டுபிடித்துவிடுகிறார். அப்பத்தாவின் வழக்கு அவள் செத்த பிறகு ராசியில் முடிந்தது. அந்தக் கைநாட்டை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை.

அத்தை விஷயமும் இப்படித்தான். அவள் படித்த காதல் நாவல்களில் மாப்பிள்ளை கடைசியில் பெண்ணைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பான். எங்கள் வீட்டில் பெண்களை அப்படிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஐந்நூறு நாவலிலும் முடிவு ஒன்றுதானே என்று நான் கேலி செய்திருக்கிறேன். "அதுக்காகத்தானேடா படிக்கிறேன்" என்றாள். லேசான புஸ்தகம் என்று சொல்கிறோம். புஸ்தகம் லேசாக இருக்கலாம்; அதில் அவர்கள் ஏற்றி வைத்தது லேசானதல்ல.

அந்தப் புஸ்தகங்கள் இப்போது எங்கே? பெரும்பாலும் எடைக்குப் போய்விட்டன. அத்தை விலைக்கு வாங்கிச் சேர்த்திருந்த ஒரு டிரங்குப் பெட்டியை நான்தான் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்தேன். எனக்கு முந்திய தலைமுறையில் எல்லோரும் என்னைப் போல இல்லை. மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பண்டிதர்கள் மதித்தவற்றோடு, மதிக்காத நாவல்கள், பாட்டுப் புஸ்தகங்கள், நோட்டீசுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக் கழகம் அவற்றை வாங்கியது. சென்னையில் அவர் பெயரால் நூலகம் இருக்கிறது. வடுவூராரையும் ஆரணியாரையும் ஆராய விரும்புகிறவர்கள் இன்று அங்கே போகிறார்கள். 2008ல் சென்னையில் ஒரு பதிப்பகம் இந்த மாத நாவல்களை மொழிபெயர்த்து இங்கிலீஷில் தொகுதி போட்டபோது, நம்மில் பலர் முதல் தடவையாக அவற்றைத் திரும்பிப் பார்த்தோம்.

வாடகைப் புஸ்தகத்துக்கு ஒரு வியாதி உண்டு: கடைசித் தாள் கிழிந்துபோகும். ஒரு ராத்திரி அப்படி ஒரு நாவல் வந்து சேர்ந்தது. வழக்கம் போல், "கடைசியைப் படிய்யா" என்றாள் அப்பத்தா. எனக்குப் பத்து வயது. இல்லையென்று சொன்னால் அவளுக்குத் தூக்கம் வராது. கிழிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, டாக்டர்தான் கொலைகாரன், விலங்கு மாட்டிவிட்டார்கள் என்று சொந்தமாக வாசித்தேன். நான் எழுதிய முதல் கதை அதுதான். அப்பத்தா திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் பாதி நாவல் தாண்டியதும் டாக்டரே செத்துப்போனார். முடிவில் வேறு வழியில்லாமல் தம்பிக்காரன் கையில் விலங்கை மாட்டினேன். அப்பத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"நேத்து டாக்டருன்னே?"

நான் பேசவில்லை.

"சரி, யாரா இருந்தா என்ன," என்றாள், வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டே. "பிடிச்சுட்டாங்கல்ல?"